அடுத்தவர் கருவி, தன் முத்திரை: ஹெச்பி விற்ற ஐபாட், 2004–2006

2004ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி லாஸ் வேகாஸ் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில், ஹியூலட்-பக்கார்டு (ஹெச்பி) நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கார்லி ஃபியோரினா நீல நிற ஐபாட் ஒன்றை மேடையில் காட்டினார். கருவி ஆப்பிளுடையது, நிறமும் முத்திரையும் ஹெச்பியுடையவை. கணினிச் சந்தையில் எதிரெதிரே நின்ற இரு நிறுவனங்களில் ஒன்று மற்றதன் இசைக் கருவியைத் தன் பெயரில் விற்க முன்வந்தது அன்று பலருக்கும் வியப்பாக இருந்தது. 2005 ஜூலை 29 அன்று அந்த விற்பனையைக் கைவிடுவதாக ஹெச்பி அறிவித்தபோது வியந்தவர்கள் குறைவு. விற்ற மொத்த ஐபாடுகளில் ஹெச்பியின் கை வழியாகப் போனவை ஏறத்தாழ 5 சதவீதம்தான். சொந்தச் சரக்கு இல்லாத நிறுவனம் பிறர் பொருளில் பெயர் ஒட்டி விற்கப் போய் மூக்குடைபட்டது என்பதுதான் பின்னாளில் நிலைத்துவிட்ட விளக்கம். 2015இல் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் ஸ்டீவன் லெவி எழுதிய கட்டுரை இன்னும் ஒருபடி மேலே போய், ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபியோரினாவை நன்றாகவே ஏமாற்றிவிட்டார் என்று வாதிட்டது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெயர் மாற்றி விற்றதே பிழை என்றால், அதே ஹெச்பி அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் அதே வேலையைச் செய்து செழித்தது எப்படி? ஐபாட் ஒப்பந்தத்தில் எது தவறிப்போனது என்பதை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் பிடிக்க முடியும்.

1984 மே மாதம் ஹெச்பி வெளியிட்ட லேசர்ஜெட் அச்சுப்பொறியின் விலை 3,495 டாலர். அதற்குள் ஓடியது ஜப்பானின் கேனான் நிறுவனம் செய்த சிஎக்ஸ் இயந்திரம். லேசர் கற்றை, உருளை, மைத்தூள் என அச்சிடும் வேலை முழுவதும் கேனானுடையது. மறு ஆண்டு ஆப்பிள் 6,995 டாலருக்குக் கொண்டுவந்த லேசர்ரைட்டரிலும் இதே கேனான் இயந்திரம்தான். போட்டியாளர்கள் இருவரும் மூன்றாவது ஒருவரின் இயந்திரத்தைத் தத்தம் பெயரில் விற்றார்கள். அந்த மூன்றாமவரோ அச்சுத் துறையில் இருவருக்குமே போட்டியாளர். இதில் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏனெனில் இயந்திரத்துக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஹெச்பி தன் சொந்தச் சரக்கை வைத்திருந்தது. கணினி அனுப்பும் கட்டளையைப் பக்கமாக மாற்றும் மின்னணுப் பலகை அதனுடையது. பிசிஎல் என்ற அச்சுக் கட்டளை மொழி அதனுடையது. மென்பொருள் எழுதுபவர்கள் எல்லாரும் அதற்கு ஏற்ப எழுத வேண்டியிருந்தது. மைத்தூள் தீர்ந்தால் வாங்கும் உறையும் கேனான் தயாரிப்புதான் என்றாலும் ஹெச்பி பெயரில், ஹெச்பி வலைப்பின்னல் வழியாக வந்தது. ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் ஹெச்பியிடமே வந்தார். 1997இல் ஜாப்ஸ் ஆப்பிளுக்குத் திரும்பியதும் லேசர்ரைட்டரை மூடினார். லேசர்ஜெட் அதற்குப் பின்னும் பல்லாண்டு விற்றது.

ஆகவே 2004இல் ஃபியோரினாவின் முன் இருந்தது கண்மூடித்தனமான யோசனை என்று சொல்லிவிட முடியாது. அவருடைய நிறுவனத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அதே வழியில் வந்தது. அவர் 1999இல் பொறுப்பேற்ற பிறகு முத்திரையின் கீழே ‘கண்டுபிடி’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் சேர்க்கப்பட்டிருந்ததால், பிறர் கண்டுபிடிப்பை விற்பதைப் பத்திரிகைகள் கேலி செய்தன. கேலி நியாயம்தான் என்றாலும் அது பட வேண்டிய இடம் வேறு. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், 1998இல் சில பொறியாளர்கள் வன்தட்டு கொண்ட கையடக்க இசைக் கருவி ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிஜிட்டலை காம்பாக் வாங்கியது. காம்பாக் அந்த வடிவமைப்பைத் தானே தயாரிக்காமல் கொரியாவின் ஹேங்கோ நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. 4.8 ஜிபி கொள்ளளவோடு 1999இல் சந்தைக்கு வந்த அந்த ‘பர்சனல் ஜூக்பாக்ஸ்’ தான் வன்தட்டில் ஓடிய முதல் எம்பி3 கருவி. முதல் ஐபாட் வெளியானது 2001 அக்டோபரில், 5 ஜிபியோடு. காம்பாக்கை ஹெச்பி வாங்கியது 2002 மே மாதத்தில். அதாவது லாஸ் வேகாஸ் மேடையில் ஃபியோரினா ஆப்பிளின் கருவியைக் காட்டிய வேளையில், அந்தக் கருவி வகையின் முன்னோடி பிறந்த ஆய்வுக்கூடத்தின் வாரிசு அவருடைய நிறுவனமே. ஐபாடின் வெற்றி 1.8 அங்குல டோஷிபா வன்தட்டிலும் சக்கரத்திலும் ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸிலும் இருந்தது என்பதால், பழைய வடிவமைப்பைத் தூசி தட்டி எடுத்திருந்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தத் துறையில் கைவைக்க ஆளும் அறிவும் இல்லாத நிறுவனம் அல்ல ஹெச்பி.

மறுபக்கம் ஆப்பிளின் நிலையையும் அன்றைய கண்ணோடு பார்க்க வேண்டும். 2003 அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது விற்ற ஐபாடுகள் 7,33,000. பெரிய எண்தான், ஆனால் அசைக்க முடியாத எண் அல்ல. 2003 ஏப்ரலில் தொடங்கிய ஐடியூன்ஸ் இசைக் கடை முதலில் மேக் கணினிகளுக்கு மட்டுமே. விண்டோஸுக்கான ஐடியூன்ஸ் வந்தது அந்த ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி. அதே அக்டோபரில் டெல் நிறுவனம், கிரியேட்டிவ் தயாரித்துக் கொடுத்த ‘டிஜிட்டல் ஜூக்பாக்ஸ்’ கருவியைத் தன் பெயரில் இறக்கியது. அதுவும் முத்திரை மாற்றிய சரக்குதான். மைக்ரோசாஃப்ட் தன் டபிள்யூஎம்ஏ ஒலி வடிவத்தைக் கருவி செய்பவர்களுக்கும் பாட்டுக் கடைகளுக்கும் உரிமம் கொடுத்து ஒரு பெருங்கூட்டணியைக் கட்டிக்கொண்டிருந்தது. கணினி விற்பனையில் டெல்லும் ஹெச்பியும் முன்னணியில் இருந்தவை. டெல் ஏற்கெனவே அந்தப் பக்கம். ஹெச்பியும் அங்கே போயிருந்தால், அமெரிக்க வீடுகளில் புதிதாக நுழையும் விண்டோஸ் கணினிகளில் பெரும்பங்கு ஆப்பிளின் பாட்டு வடிவத்தைத் திறக்கவே தெரியாத மென்பொருளோடு நுழைந்திருக்கும்.

இந்தப் பின்னணியில்தான் லாஸ் வேகாஸ் அறிவிப்பின் இரண்டாம் பாதியைப் படிக்க வேண்டும். நீல ஐபாட் படம் பத்திரிகைகளில் வந்தது. அதோடு ஹெச்பி ஒப்புக்கொண்ட இன்னொன்று, தன் வீட்டு உபயோகக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் ஐடியூன்ஸை முன்கூட்டியே நிறுவி, இசைக் கடைக்கு நேரே இட்டுச்செல்லும் சின்னத்தை முகப்புத் திரையில் வைப்பது. மைக்ரோசாஃப்ட் உடனடியாக அதிருப்தி தெரிவித்தது இதைப் பார்த்துத்தான். விலை, வடிவம், நிறம் எல்லாம் பின்னால் பேசிக்கொள்ளக்கூடிய செய்திகள். திரையில் இருக்கும் சின்னம் எந்தக் கடைக்குப் போகிறது என்பதுதான் அடுத்த சில ஆண்டுகளின் வருமானத்தைத் தீர்மானிக்கும் செய்தி.

கருவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜனவரியில் அறிவித்தது கடைக்கு வர செப்டம்பர் ஆனது. இடையில் ஜூலை மாதம் ஆப்பிள் நான்காம் தலைமுறை ஐபாடைத் தன் பெயரில் வெளியிட்டுவிட்டது. ஆகஸ்ட் இறுதியில் ஹெச்பி அறிமுகம் செய்தது அதே நான்காம் தலைமுறையை, அதே விலைக்கு: 20 ஜிபி 299 டாலர், 40 ஜிபி 399 டாலர். மேடையில் காட்டிய நீலம் காணாமல் போய் ஆப்பிளின் வெள்ளையே வந்தது. முதுகில் மட்டும் ஹெச்பி முத்திரை. பழுதுபார்ப்பு ஹெச்பியின் பொறுப்பு என்பதால், இந்த ஐபாடை ஆப்பிள் கடைக்குக் கொண்டுபோனால் கைவைக்க மாட்டார்கள். வாங்குபவர் எதற்காக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஹெச்பி கொடுத்த விடை, ஒட்டுத்தாள். தனிவகைத் தாளில், விருப்பமான இசைக்குழுவின் படத்தையோ குடும்பப் புகைப்படத்தையோ ஹெச்பி மைவீச்சு அச்சுப்பொறியில் அச்சிட்டு, திரைக்கும் சக்கரத்துக்கும் வெட்டி விடப்பட்ட இடைவெளிகள் பொருந்துமாறு கருவியின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். அந்தக் கூட்டுச் சரக்கில் ஹெச்பி தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடியதாக இருந்தது இந்த ஒட்டுத்தாளும் அதில் இறங்கும் மையும்தான். வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுச் சொந்த வீடு என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. லேசர்ஜெட்டில் பலகையும் கட்டளை மொழியும் இருந்த இடத்தில் இங்கே காகிதம் இருந்தது. கருவியோடு பேசும் மென்பொருள் ஆப்பிளுடையது, பாட்டுகளை நகலெடுக்க விடாமல் பூட்டிய ஃபேர்பிளே ஆப்பிளுடையது, கணக்கு வைத்துப் பாட்டு வாங்கிய வாடிக்கையாளரும் அந்தக் கணக்கு வழியாக ஆப்பிளுடையவர். அடுத்த கருவி வாங்கும்போது அவர் ஹெச்பியைத் தேடி வர எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு. முதலாவது, ஹெச்பி இதில் எதையும் இழக்கவில்லை என்பது. வடிவமைப்புச் செலவு இல்லை, தொழிற்சாலை இல்லை. வாங்கினார்கள், விற்றார்கள், லாபம் சிறிதானாலும் லாபம். கணக்கேட்டின்படி இது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் போட்டிக் கருவி விற்பதற்குத் தடை இருந்தது. விற்பனையை நிறுத்திய பிறகும் 2006 ஆகஸ்ட் வரை ஹெச்பி சொந்த இசைக் கருவி எதையும் கொண்டுவர முடியாது. அந்தத் தடையின் காலம்தான் இந்தச் சந்தையின் வளர்ச்சிக் காலம். 2004 கடைசிக் காலாண்டில் விற்ற ஐபாடுகள் 45,80,000. 2005 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 61,55,000. பந்தயம் ஓடிய வருடங்களில் வேடிக்கை பார்க்கச் சம்மதித்ததன் விலை எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஹெச்பி இல்லாவிட்டாலும் ஐடியூன்ஸ் பரவியிருக்கும் என்பது அது. விண்டோஸ் பதிப்பு வெளியான மூன்றரை நாளில் பத்து லட்சம் பிரதிகள் பதிவிறக்கம் ஆயின என்று ஆப்பிள் அறிவித்தது. அப்படிப்பட்ட மென்பொருளுக்கு யாருடைய முகப்புத் திரை எதற்கு? ஆனால் தேடிப் பதிவிறக்கியவர் ஏற்கெனவே ஐபாட் வைத்திருப்பவர் அல்லது வாங்க முடிவு செய்தவர். கணினியோடு வந்ததை அப்படியே பயன்படுத்தும் பெருங்கூட்டம் வேறு. அந்தக் கூட்டத்தின் மதிப்பு அன்று எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. லாஸ் வேகாஸ் அறிவிப்புக்கு இரண்டரை மாதம் கழித்து, 2004 மார்ச் 24 அன்று, ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, விண்டோஸோடு தன் மீடியா பிளேயரைச் சேர்த்தே கொடுத்தது. முன்கூட்டியே நிறுவப்பட்டிருப்பது சந்தையை வளைக்கும் என்பதற்காக ஒரு கண்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு ஐந்தாண்டு விசாரித்துத் தண்டித்த சலுகையை, ஆப்பிள் ஹெச்பியிடம் ஒப்பந்தத்தின் துணைப் பிரிவாகப் பெற்றுக்கொண்டது. தனக்கு இடம் கிடைத்ததைவிட, அந்த இடம் எதிரணிக்குக் கிடைக்காமல் போனதுதான் ஆப்பிளின் உண்மையான ஆதாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. லெவியின் வாதத்தோடு நான் ஒத்துப்போவது இந்த அளவில். ஃபியோரினாவை ஏமாளியாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கையில் வைத்திருந்தது கேனான் கணக்கு, அந்தக் கணக்கில் முகப்புச் சின்னம் என்ற வரியே கிடையாது.

தலைமை மாறியதுதான் கூட்டணியைக் கொன்றது என்பதும் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஃபியோரினா 2005 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டார். ஏப்ரலில் மார்க் ஹர்ட் வந்தார். ஜூலை 19 அன்று 14,500 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார். பத்து நாளில் ஐபாடும் போனது. வரிசை சரி. ஆனால் மினி, போட்டோ, ஷஃபிள் வகைகளையும் வரிசையில் சேர்த்த பிறகும் 5 சதவீதத்தில் நின்ற ஒரு சரக்கைக் கைவிட, சிக்கனத்தில் பிடிவாதமான தலைவர் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஹெச்பி விலகி ஆறு வாரம்கூட ஆகாத செப்டம்பர் 7 அன்று ஜாப்ஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்த மினியை நிறுத்திவிட்டு நானோவைக் கொண்டுவந்தார். அதே மேடையில் மோட்டோரோலாவின் ராக்கர் என்ற ஐடியூன்ஸ் கைப்பேசியும் அறிமுகமானது. அதில் நூறு பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. கூட்டாளிக்கு எவ்வளவு அளந்து போடுவது என்பதில் ஆப்பிளுக்கு அப்போது கைப்பழக்கம் வந்திருந்தது.

எல்லாவற்றையும்விடக் கடினமான எதிர்வாதம் மைக்ரோசாஃப்டின் சூன் இசைக் கருவி. 2006 நவம்பரில் வந்த முதல் சூன், டோஷிபாவின் கிகாபீட் கருவியைத் திருத்தி முத்திரை மாற்றியது. ஹெச்பியிடம் இல்லாத எல்லாம் மைக்ரோசாஃப்டிடம் இருந்தன: சொந்த மென்பொருள், சொந்தக் கடை, சொந்தப் பூட்டு. தன் பழைய கூட்டணியினரின் கடைகளில் வாங்கிய பாட்டுகள்கூட அதில் ஓடவில்லை; அந்த அளவுக்குச் சொந்தம். அப்படியும் தோற்றது. நடுவில் சொந்தச் சரக்கு இருந்தால் வெற்றி நிச்சயம் என்று வாதிட்டிருந்தால் சூன் அதை உடைத்துவிடும். நான் சொல்வது அதைவிடக் குறுகியது: சொந்தச் சரக்கு இல்லாதவரால் திருத்திக்கொள்ளவும் முடியாது. மைக்ரோசாஃப்ட் மறு ஆண்டே டோஷிபாவை விட்டுப் புதிய சூனை வடிவமைத்தது; சூன் மென்பொருள் 2010இல் விண்டோஸ் கைப்பேசிக்குத் துணை மென்பொருளாக வாழ்ந்தது; அதன் எழுத்தழகு அந்தக் கைப்பேசியின் திரையிலேயே தொடர்ந்தது. தோல்வியிலிருந்து எடுத்துப்போக அவர்களிடம் ஏதோ இருந்தது.

ஹெச்பியிடம் மீதம் இருந்தது முகப்புத் திரை மட்டும். ஐபாட் விற்பனை நின்ற பிறகும் ஹெச்பி கணினிகளில் ஐடியூன்ஸ் தொடர்ந்தது. 2006 ஜனவரியில்தான் அதை எடுத்துவிட்டு ரியல்நெட்வொர்க்ஸின் ராப்சடி இசைச் சேவையை வைக்க முடிவானது. அதற்கடுத்த மாதம், பிப்ரவரி 23 அன்று, ஐடியூன்ஸ் கடை நூறு கோடியாவது பாட்டை விற்றது. அதுவரை ஹெச்பி கணினிகளில் அந்தச் சின்னம் வழியாக வாங்கப்பட்ட பாட்டுகள் ஃபேர்பிளே பூட்டோடுதான் இருந்தன. கையில் எடுத்துப்போய்க் கேட்க, பெரும்பாலும் ஐபாட்தான் வேண்டும். அந்த ஐபாடை ஹெச்பி அப்போது விற்கவில்லை.