மகரமும் மகாவலியும்

ஜப்பானியக் கிராமங்களில் ‘கப்பா’ என்றொரு நீர்வாழ் உருவத்தைப் பற்றிக் கதை சொல்வார்கள். சிறுபிள்ளையின் உயரம், முதுகில் ஆமையோடு, உச்சந்தலையில் நீர் நிறைந்த ஒரு குழி. ஆற்றில் இறங்கும் பிள்ளைகளையும் குதிரைகளையும் அது இழுத்துச் செல்லுமாம். யனகித்தா குனியோ 1910இல் வெளியிட்ட ‘தோனோ மொனொகத்தாரி’ தொகுப்பில் இக்கதைகள் உள்ளன. அங்கே குளக்கரை எச்சரிக்கைப் பலகைகளில் இன்றும் கப்பாவின் படம் உண்டு.

எமது கண்டிச் சீமையில் இதற்கு ஈடாக என்ன இருந்தது? கல்லிலும் சுதையிலும் மகரம் இருக்கிறது. யானைத் துதிக்கை, சிங்கக் கால், பன்றிக் காது, மீன் உடல், முதலைத் தாடை. நான்காம் புவனேகபாகுவின் கம்பளை ஆட்சியில், 1344இல் எழுந்த லங்காதிலக, கடலாதெனிய விகாரைகள் இரண்டிலும் மகர தோரணத்தைக் காணலாம். லங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறித்திருக்கிறார்கள்.

ஆனால் 1660இல் சிறைப்பட்டு, ஏறக்குறைய 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் வேறொன்று சொல்கிறார். மகாவலியில் கடலை அண்டிய பகுதியில் முதலைகள் நிறைய உண்டாம். மலைகளுக்கிடையே ஒன்றுகூட இல்லையாம். தம் ஆற்றில் இல்லாத தாடையைத்தான் மலைநாட்டார் தோரணத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆற்றின் உண்மையான ஆபத்தையும் நொக்ஸ் குறிப்பிடுகிறார்: பாறைகள், வீழ்ச்சிகள், மழைக்காலத்தில் பாலம் கட்ட இடங்கொடாத வெள்ளம். பாலம் கட்ட முடிந்தாலும் அரசன் விடமாட்டான், நாடு எளிதில் நுழைய முடியாததாக இருப்பதே அவன் விருப்பம் என்றும் எழுதுகிறார்.

அதே 1344இல் புத்தளத்தில் இறங்கிப் பாவா ஆதம் மலைக்குச் சென்ற இப்னு பதூதா, நீரோரத்து மரங்களிலும் புற்களிலும் இருந்து மனிதர்மேல் பாயும் அட்டையைப் பற்றி எழுதினார். எலுமிச்சை பிழிந்தால் அது விழுந்துவிடும் என்றார். எங்கள் ஊரில் இன்றும் அட்டைக்குத் தேசிக்காய்தான்.

பொதிமாடுகளோடு தாவளம் போன எம் முன்னோருக்கு ஆற்றைக் கடக்கும் துறைகள் அத்துப்படியாக இருந்திருக்க வேண்டும். அந்த அறிவு ஏட்டில் இல்லை, வாய்மொழியில் இருந்தது. 1976இல் பொல்கொல்லை அணை வந்தது. 1985இல் விக்டோரியா அணை வந்தது. பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் போனது. ஆற்றின் நீர்மட்டம் இப்போது மழையை மட்டும் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. பெரியவர்கள் காட்டிய அடையாளங்கள் பலவும் இல்லை. பிள்ளைகள் குளிக்கப் போவது மட்டும் நிற்கவில்லை.

அயல்வீட்டுச் சிங்களப் பாட்டிமார் சொன்ன ‘தியரகுஸா’ என்னும் நீர் அரக்கன் கதையை, மூடநம்பிக்கை என்று நம்மில் பலர் ஒதுக்கிவிட்டோம். அரக்கனை நம்பும்படி நான் கேட்கவில்லை. எந்த மடுவில், எந்தச் சுழியில் அவனைக் குடிவைத்தார்கள் என்பதே என் கேள்வி. பிள்ளை இறங்கக்கூடாத இடத்தில்தானே கதையை வைத்திருப்பார்கள்? என் மாணவர்களிடம் வீட்டு மூத்தவர்களைக் கேட்டு, கதையோடு இடத்தின் பெயரையும் எழுதிவரச் சொல்கிறேன். கம்பளை முதல் தெல்தெனிய வரை ஆற்றோரத்தில் வாழும் வாசகர்களும் இதைச் செய்யலாம். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.