சந்தியில் இடித்த கார்: பிழை யாருடையது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் என் காரும் ஓர் ஆட்டோவும் சந்தியில் இடித்துக்கொண்ட கதை நம்மட ஊரில் பலருக்குத் தெரியும். யாருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். என் காரின் இடப்பக்கக் கதவு நசுங்கியது. ஆட்டோவின் முன் மட்கார்ட் வளைந்து, கண்ணாடியும் உடைந்தது. ஐந்து நிமிடத்தில் இருபது பேர் கூடி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "ஒழுங்கையால வாறவன்தானே நிண்டு பார்த்து ஏறணும்" என்றது ஒரு கட்சி. "சேர் வந்த வேகத்த நாங்க பார்த்தோமே" என்றது மற்றக் கட்சி.

காப்புறுதிக் கம்பனியின் ஆள் வந்து படம் எடுத்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். "நான் நேரே வந்தேன், அவர் பார்க்காமல் ஏறிவிட்டார்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால், இந்தப் "பிழை யாருடையது" என்ற சண்டை எவ்வளவு பழையது என்று தேடிப் பார்த்தேன். கார் வருவதற்கு ஏறத்தாழ 1,900 வருடங்களுக்கு முன்பே இது ரோமாபுரியில் நடந்திருக்கிறது.

கபிட்டோல் குன்றின் ஏற்றத்தில் கோவேறு கழுதைகள் பூட்டிய இரண்டு பார வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகின்றன. முன் வண்டியின் ஆட்கள் பின்னால் நின்று அதைத் தாங்கித் தள்ளுகிறார்கள். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்க, அவர்கள் விலகி ஓடுகிறார்கள். முன் வண்டி பின் வண்டியில் மோத, அதுவும் பின்னால் உருண்டு ஓர் அடிமைச் சிறுவனை நசுக்கிவிடுகிறது. சிறுவனின் எசமான் அல்பேனஸ் என்ற சட்ட அறிஞரிடம் போய், யார் மீது வழக்குப் போடலாம் என்று கேட்கிறார்.

அல்பேனஸ் யாரையும் உடனே குற்றவாளி ஆக்கவில்லை. நடந்ததற்குக் காரணம் என்ன என்று பார்க்க வேண்டும் என்றார். தாங்கி நின்றவர்கள் தாங்களாகவே கைவிட்டு விலகினார்களா? அப்படியென்றால் பொறுப்பு அவர்களுடையது. கழுதைகள் மிரண்டு, நசுங்கிவிடுவோம் என்ற பயத்தில் அவர்கள் ஓடினார்களா? அப்படியென்றால் கழுதைகளின் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். எந்த வண்டி இடித்தது என்பதை விட, ஏன் இடித்தது என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

இந்தப் பதில் கி.பி. 533இல் ஜஸ்டீனியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் பதிவாகி இன்றுவரை நிலைத்திருக்கிறது. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்தச் சட்டத்தின் வழிவந்ததுதான் ஒல்லாந்தர் இங்கே கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம். 1796இல் கரையோரத்தைப் பிடித்த ஆங்கிலேயர், 1799 பிரகடனத்தின் மூலம் அந்தச் சட்டத்தை அப்படியே தொடரவிட்டார்கள். ஒருவரின் கவனயீனத்தால் இன்னொருவருக்கு நட்டம் வந்தால், அதற்கு அடிப்படை இன்றும் அதுதான்.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதே கேள்வியில் ஒரு கடுமையான வழியில் போயின. 1809இல் ஒரு வழக்கு. டார்பி நகரில் ஒருவர் தன் வீட்டைத் திருத்தும்போது தெருவின் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டிருந்தார். மாலை மங்கும் நேரம் குதிரையில் விரைந்து வந்தவர் அதில் மோதி விழுந்தார். கம்பம் போட்டது பிழைதான். ஆனால் பார்த்து வந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று சொல்லி, விழுந்தவருக்கு ஒரு சதமும் இல்லை என்றது நீதிமன்றம். 1842இல் இன்னொரு வழக்கு. கால் கட்டிய கழுதையை ஒருவர் தெருவில் விட, வேகமாக வந்த வண்டி அதை அடித்துக் கொன்றது. கடைசி நேரத்தில் தவிர்த்திருக்கக்கூடியவர் வண்டிக்காரர்தான் என்று சொல்லி, அந்த முறை முழுப் பொறுப்பும் வண்டிக்காரர் தலையில்.

கவனியுங்கள். இரண்டு வழக்கிலும் இரண்டு பக்கமும் பிழை இருந்தது. ஆனால் தீர்ப்பு ஒரு பக்கத்துக்கே முழுவதும் போனது. இப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் வாழும் மனிதன் என்ன கற்றுக்கொள்வான்? தன் பிழையில் கடுகளவையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்றுதான். ஒப்புக்கொண்டால் எல்லாமே போய்விடுமே.

இது மாற நீண்ட காலம் எடுத்தது. இங்கிலாந்தில் 1945இலும் நம் நாட்டில் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்திலும்தான், பிழையைப் பங்கிடலாம் என்று எழுதப்பட்டது. உதாரணத்துக்கு, என் நட்டம் 1,00,000 ரூபாய், பிழையில் என் பங்கு 30 வீதம் என்று நீதிமன்றம் கண்டால் எனக்கு 70,000 கிடைக்கும். என் பங்கு இருப்பதால் மற்றவர் தப்பிக்கவும் முடியாது, அவர் பங்கு இருப்பதால் நான் தப்பிக்கவும் முடியாது.

காப்புறுதி இதில் எங்கே வருகிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அடிபட்டவர், அடித்தவரிடம் காசில்லை என்பதற்காக வெறுங்கையோடு போகக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் அது மட்டும் வைத்திருப்பவரின் சொந்த வாகனம் உடைந்தால் அந்தக் காப்புறுதியில் அவருக்கு ஒன்றும் வராது. பிழை முழுவதும் அவருடையது என்று முடிவானால், பழுது பார்க்கும் செலவும் ஓட்டமில்லாத நாட்களும் அவர் தலையில்தான்.

என்னுடையது முழுக் காப்புறுதி. அந்த ஆட்டோக்காரத் தம்பியிடம் இருந்தது மூன்றாம் தரப்பு மட்டும்.

இப்போது மிச்ச உண்மை. அவர் ஒழுங்கையால் நிற்காமல் ஏறியது உண்மை. அந்த நொடியில் என் போன் அடித்ததும், நான் கீழே குனிந்து பார்த்ததும் உண்மை. அல்பேனஸ் என்னிடம் "ஏன் இடித்தது?" என்று கேட்டிருந்தால், இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வாரம் தூக்கம் சரியாக வரவில்லை. பிறகு கம்பனிக்குப் போய் என் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தேன். "ஏன் சேர், கேஸ் உங்க பக்கம்தானே இருந்தது" என்று அங்கே ஒருவர் சிரித்தார். அன்று பின்னேரம் அந்தத் தம்பியின் வீட்டுக்கும் போனேன். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் நிண்டு பார்த்து ஏறியிருக்கணும் சேர்" என்றார். சந்தியில் இருபது பேர் கூடியும் வெளியே வராத வார்த்தை அது.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். கம்பனியைக் கேட்காமல் பொறுப்பேற்கவோ, காசு தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று காப்புறுதிப் பத்திரங்களில் பொதுவாக நிபந்தனை இருக்கும். அதனால் நான் பொறுப்பைப் பற்றியோ காசைப் பற்றியோ எதுவும் பேசவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வது வேறு, பேரம் பேசுவது வேறு. படம் எடுங்கள், பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், தேவையென்றால் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். ஆனால் கேட்பவரிடம் முழுவதையும் சொல்லுங்கள்.

என் கோரிக்கை இன்னும் முடியவில்லை. கொஞ்சம் குறைந்துதான் வரும் போலிருக்கிறது. பரவாயில்லை. பிழையைப் பங்கிடலாம் என்று சட்டம் எழுதி ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. நம்மட சந்திகளில் நாம் இன்னும் 1809இலேயே நிற்க வேண்டுமா?