பள்ளிக் குழுவும் நம் பெற்றோரும்

வெள்ளி விழா மலருக்குக் கல்வி வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்து அன்பர்கள் பணித்தபோது, நம்மில் பட்டம் பெற்றோர், பதவி பெற்றோர் பெயர்களைத் தொகுத்துத் தந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம். அப்பட்டியல் மலரின் வேறு பக்கங்களில் வரத்தான் போகிறது. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் நுழைந்த வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். அப்பள்ளிக்கூடத்தை நடத்தும் குழுவில் நம் பெற்றோர் நுழைந்த வரலாற்றை எழுதியோர் குறைவு. ஆதலின் அதனையே எடுத்துக்கொண்டோம்.

நம் செட்டியார்பட்டியை உள்ளிட்ட திருவில்லிபுத்தூர்த் தாலுகா முன்னர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. 1985இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டத்துக்குள் வந்தது. இதனை இங்குக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் நம் பக்கத்துப் பள்ளிக்கூடம், சாலை, கிணறு ஆகிய பலவற்றின் விதியும் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு ஆகியவற்றின் கைகளில் இருந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் ஜில்லாதோறும் ஒரு கல்விக் கவுன்சிலையும் அமைத்தது. எந்த ஊரில் பள்ளி திறப்பது, எதற்கு மானியம் தருவது என்பன அங்கே பேசப்பட்டன. அவ்வவைகளில் நம்மவர் அமர்ந்ததெல்லாம் பெரும்பாலும் அரசு நியமனத்தால்தான். வாக்குரிமை சொத்தையும் வரியையும் ஒட்டியிருந்த காலத்தில், நிலமற்றவர் தேர்தலில் நின்று வெல்வது எங்ஙனம்? நியமனம் பெற்றவர் தம்மை நியமித்தவர் முகத்தைப் பார்த்தே பேச வேண்டியிருந்தது. பள்ளி அக்கிரகாரத்திலோ கோயில் சாவடியிலோ நடந்தால், நம் பிள்ளை எங்கே போய் உட்காருவது? இக்கேள்வியைக் கேட்க ஒரு குரல் அவையில் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

அவ்வேற்றுமைக்கு நம் ஜில்லாவிலேயே ஒரு சான்று உண்டு. 1920களின் பிற்பகுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்தவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். சென்னையில் பாண்டி பசார் என வழங்கும் கடைவீதி இவர் பெயரால் அமைந்தது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். அந்நாளில் பேருந்து முதலாளிகள் ஆதிதிராவிடர்களை வண்டியில் ஏற்ற மறுத்தனர். அவ்வாறு மறுக்கும் வண்டியின் உரிமம் இரத்தாகும் என்று சௌந்தரபாண்டியனார் ஆணையிட்டார். அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆயினும் கோயில் நுழைவு மறுக்கப்பட்ட அவமதிப்பைத் தம் சமுதாயத்தின் வரலாற்றில் கண்டவர். மேடையிலே நூறு முறை முழங்கியும் நிகழாதது, போர்டு நாற்காலியிலிருந்து பிறந்த ஓர் ஆணையால் நிகழ்ந்தது. பேருந்தில் ஏற முடிந்தால்தான் எட்டாவதுக்குமேல் படிக்க வெளியூர் போக முடியும்; எனவே இதுவும் கல்வி வரலாறே.

ஆசிரியராயிருந்து அவைக்குச் சென்ற நம்மவர் இருவரை இங்கு நினைத்தல் தகும். எம். சி. ராஜா ஆசிரியப் பணி புரிந்தவர். பள்ளிப் பாடநூல்களும் எழுதியவர். 1920இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவிப் பின்னர்ச் சட்டமன்றம் சென்றார். கரும்பலகைக்கு முன் நின்றவருக்கு எந்தப் பிள்ளை ஏன் இடையில் நின்றான் என்பது தெரியும்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லிச் செல்வோம். இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகள் போதாத ஊர்களில் பள்ளிப் போர்டுகளை அமைத்து, அவற்றுக்குத் தேர்தலும் வைத்தது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கப் பெண்கள் 1918 வரை காத்திருந்த நாடு அது. ஆயினும் அவ்வாண்டே இலண்டன் பள்ளிப் போர்டுக்கு எலிசபெத் காரெட் என்னும் மருத்துவரும் எமிலி டேவிஸ் என்னும் கல்வியாளரும் நின்று வென்றனர். அவர்களோடு வென்றவர் பெஞ்சமின் லூக்ராப்ட் என்னும் தச்சுத் தொழிலாளி. நாற்காலி செய்து பிழைத்தவர் போர்டு நாற்காலியில் அமர்ந்தார்! பெரிய மன்றங்களின் கதவு அடைத்திருந்தபோதும் பள்ளிப் போர்டின் கதவு திறந்திருந்தது. அவர்கள் அதன்வழி நுழைந்தனர்.

நம் நிலை இதற்கு நேர்மாறாக இருப்பதுதான் வியப்பு. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தம் சட்டமன்றங்களில் நமக்குத் தனி இடங்களைத் தந்தது. கல்வி மானியத்தில் நமக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் உண்டு. இதனை மேடைகளில் சொல்வோர் அரியர். நம் வட்டாரத்தில் 2006 தேர்தல் வரை இராசபாளையமும், 2011 முதல் திருவில்லிபுத்தூரும் தனித் தொகுதிகள். சட்டமன்ற வாசலுக்கு நாம் வழி அறிவோம். உள்ளூர் வாசல்தான் கடினமாயிற்று. 1996இல் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் தனி ஊராட்சித் தலைவர் பதவியை எவரும் ஏற்று நடத்த இயலாதபடி பத்தாண்டுகள் தடுத்துவைக்கப்பட்டது. 2006இல்தான் அத்தடை நீங்கியது. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். ஊர்ப் பதவி ஒன்றுக்கு நிற்பது நமக்கு எத்தகைய செயல் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இப்பின்னணியில்தான் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை நோக்க வேண்டும். அது 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டுமென்கிறது. உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் வேண்டும். பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் வகுத்தல், மானியம் செலவாகும் முறையைப் பார்த்தல் இதன் பணிகள். தமிழகத்தில் 2022இல் இக்குழுக்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2024இல் மறுபடி அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. அன்று நியமனத்துக்குக் காத்திருந்தோம். இன்று கை தூக்கி வாக்கு வாங்கிப் போகலாம்.

போகிறோமா? இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் தலைமையாசிரியராயிருந்த ஒரு பள்ளியில் தேர்தல் நாளன்று வந்த பெற்றோர் சிலரே. வந்தவர்களுள் பேசத் தெரிந்தவர் என்று நாம் கருதியோர் பெயரை நாமே முன்மொழிந்தோம். காலனித் தெருவிலிருந்து உறுப்பினரான தாய் ஒருவர் தளவாய்புரத்தில் தையல் வேலைக்குப் போகிறவர். கூட்டமோ பகல் மூன்று மணிக்கு. வந்தால் அன்றைக் கூலி போயிற்று. எனவே பதிவேட்டை ஒரு மாணவன் கையில் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பிக் கையொப்பம் வாங்கிவந்தோம். ஒரு முறையன்று, பல முறை. தாளில் குழு முழுமையாக இருந்தது. அலுவலர் எவரும் குறை கூறவில்லை.

ஒரு நாள் அவரே வேலை முடிந்து, வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தார். "கையெழுத்து மட்டும் வாங்குறீகளே ஐயா, என்ன பேசுனீகன்னு யாரும் சொல்லலையே" என்றார். நாம் விடை சொல்ல முடியாமல் நின்றோம். அடுத்த கூட்டத்தை மாலை ஆறரை மணிக்கு வைத்தோம். ஆசிரியர் சிலருக்கு அது உவப்பாயில்லை. கடைசிப் பேருந்து போய்விடும் என்றனர். அவர்கள் கவலையும் பொய்யன்று.

அன்று அத்தாய் கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேட்டார். கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவ எப்போதும் எங்கள் தெருப் பிள்ளைகளையே ஏன் அழைக்கிறீர்கள் என்பதே அது. அவ்வாறு எவரும் ஆணையிட்டதில்லை என்றார் ஓர் ஆசிரியர். அழைக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்களை அவர் வரிசையாகச் சொன்னார். அதன்பின் எவரும் பேசவில்லை. மாணவர் எவரையும் அவ்வேலைக்கு ஏவுவதில்லை என்றும், துப்புரவுக்கென ஆள் அமர்த்தப் பேரூராட்சிக்கு எழுதுவதென்றும் முடிவாயிற்று. தீர்மானத்தை நாம் நம் நடையில் எழுதப் போனோம். தாம் கேட்டதைக் கேட்டபடியே எழுதுமாறு அவர் சொன்னார். அவ்வாறே எழுதினோம். கீழே அவர் கையொப்பம் இட்டார். அம்முறை பதிவேட்டை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை.