என்ஆர்எஃப்24எல்01 பிளஸ்: பாக்கெட் இழப்பு

ஆர்டுயினோ, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளை 2.4 கிகாஹெர்ட்ஸில் கம்பியின்றி இணைக்கும் மலிவான ரேடியோ மாட்யூல். சிப் நார்வேயின் நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் வடிவமைப்பு. ஒரு பாக்கெட்டில் 32 பைட் வரை செல்லும். அனுப்பியதில் பாதி வந்து சேரவில்லை என்றால் பலரும் முதலில் நிரலைத்தான் குடைவார்கள். கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில் இருக்கும். சிப்புக்கு 1.9 முதல் 3.6 வோல்ட் வரை போதும். மின்சாரம் ஏற்கும் விசிசி முனையில் 5 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்தாலே பாக்கெட் காணாமல் போகும். விசிசிக்கும் கிரவுண்டுக்கும் இடையே, மாட்யூலை ஒட்டியே, 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் பல இணைப்புகள் சீராகிவிடும். வெளி ஆன்டெனாவும் பெருக்கியும் கொண்ட வகை 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ட் முனை தருவதோ 50தான். அந்த வகைக்குத் தனி ரெகுலேட்டர் வேண்டும்.

அடுத்த சந்தேகம் வைஃபை நெரிசல். சேனலை மாற்றிப் பார்க்கலாம். வேகத்தை 250 கிலோபிட்டாகக் குறைத்தால் எட்டும் தூரம் கூடும். பாக்கெட் கிடைத்ததற்கான ஒப்புகை வராவிட்டால் சிப் தானாகவே 15 முறை வரை மறுபடி அனுப்பும்; 250 கிலோபிட் வேகத்தில் மறுபடி அனுப்புவதற்கு முன் விடும் இடைவெளி 500 மைக்ரோநொடிக்குக் குறையக்கூடாது. இரண்டு மாட்யூலையும் மேசையில் ஒட்டி வைத்து முழுச் சக்தியில் சோதித்தால் ஏற்பி திணறிப்போகும். சில மீட்டர் தள்ளி வைத்துச் சோதியுங்கள்.