ஹெரால்டின் பின் அச்சு

சென்னையின் தென் எல்லையில், வண்டலூர் பக்கம், 1961-ல் ஒரு சின்னக் கார் உருவாகத் தொடங்கியது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் 'ஹெரால்ட்' அது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே கனத்த அச்சு பிணைத்திருந்த காலத்தில், இதன் நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கின.

பிரிட்டனின் டிரையம்ப் நிறுவனத்துக்காக இத்தாலியர் மிக்கெலொட்டி வரைந்த வண்டி. 948 சிசி என்ஜின்தான். ஆனால் 25 அடி அகலம் கிடைத்தால் முழு வட்டம் அடித்துவிடும். மயிலாப்பூர் மாட வீதிகள் போன்ற இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கார் வேறில்லை.

சிக்கல் பின்புறத்தில் இருந்தது. என்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைச் சேஸிஸோடு முடுக்கி, இருபுறமும் ஆடும் அரை அச்சுகளைக் கொடுத்து, மேலே குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங்கை வைத்திருந்தார்கள். அரை அச்சு சாய்ந்தால் சக்கரமும் கூடவே சாயும். வேகமான வளைவில் ஓட்டுநர் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும். வெளிச்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். டயர் பிடியை விட்டுவிடும்.

அடையாறிலோ தி.நகரிலோ இன்று காரை 'டியூன்' செய்ய முதலில் டிஃபரன்ஷியலை மாற்ற நினைக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், உள்சக்கரம் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும். சாய்ந்த சக்கரத்தை அது நிமிர்த்தாது. முதலில் சஸ்பென்ஷன், பிறகே டிஃபரன்ஷியல்.

டிரையம்ப் அந்த வழியில்தான் போனது. 1970-ல் ஸ்பிட்ஃபயர் காரில் அதே ஸ்பிரிங்கின் பெரும்பாலான பட்டைகளை நடுவில் அசையும்படி விட்டார்கள். அவ்வளவுதான், வளைவில் பின்பக்கம் எழும்புவது பெரிதும் அடங்கியது.

சென்னை வேறு வழி எடுத்தது. ஆடும் அச்சை இங்குள்ள உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் கடைசிவரை நம்பவில்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டின் அடுத்த கார் 'கெஸல்' அதே என்ஜினோடு, பின்னால் ஒற்றை அச்சோடு இறங்கியது. பள்ளமும் மேடுமான சாலைக்கு அது தாங்கும், எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம் என்பது நியாயமான கணக்கு. ஆனாலும் அது பெரிய இழப்பு. டிஃபரன்ஷியலின் எடை முழுவதும் சக்கரங்களோடு சேர்ந்து குதிக்கத் தொடங்கியது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் ஹெரால்டின் தனித்தன்மை பிழைத்திருக்கும்.

1977-ல் கெஸல் நின்றது. 1985-ல் அதே நிறுவனம் ரோவரின் உடலில் பழைய பாணி என்ஜினைப் பொருத்தி, நம் சாலைகளுக்காகச் சஸ்பென்ஷனை உயர்த்தி, 'ஸ்டாண்டர்ட் 2000' என்று விற்றது. அதிலும் பின்னால் ஒற்றை அச்சுதான். 1988-ல் அந்தக் காரின் உற்பத்தியும் முடிந்தது.