விழா உணவில் பாலும் நெய்யும்: நனிசைவ மாற்றம் குறித்த ஒரு வரலாற்று ஆய்வு

1. முன்னுரை

பூவிருந்தவல்லியை அடுத்த சென்னீர்குப்பம், சென்னையின் மேற்கெல்லையில் வயல் குறைந்து வீடும் தொழிற்கூடமும் பெருகிவரும் ஊர்களுள் ஒன்று. அவ்வூரினின்று எம்மிடம் பயில வந்த முதுகலை மாணவியொருவர், தைத்திங்கள் விடுமுறை கழிந்து திரும்பியபோது எம்மிடம் ஒரு வினா எழுப்பினார். அவர் ஊனை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கியவர். பொங்கலன்று தம் இல்லத்துச் சர்க்கரைப் பொங்கலை அவர் உண்ணவில்லை. கரும்பும் வாழைப்பழமும் கொண்டு எழுந்துவிட்டார். அதனைக் கண்ட அவருடைய ஆயா, "பால் பொங்காத வீட்டிலே ஏதுடி பொங்கல்?" என்று வருந்தித் தாமும் இலையில் கை வைக்கவில்லையாம். "ஐயா, நான் விலக்கியது பாலையா, மரபையா?" என்பதே மாணவியின் வினா.

வினா சிறிது, ஆயினும் அதனுள் சொல்லாராய்ச்சியும் உணவு வரலாறும் அறநூற் கொள்கையும் அடங்கியுள்ளன. தமிழர்தம் விழா உணவில் பாலும் நெய்யும் பெற்ற இடம் யாது, அவ்விடத்தை வேறொரு பொருள் ஏற்பின் விழா கெடுமா என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

2. சொற்கள் காட்டும் உண்மை

விலங்கினின்று பெறும் எதனையும் உண்ணாக் கொள்கைக்கு 'வீகன்' என்னும் பெயரை 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் தோழரும் வழங்கினர். 'வெஜிடேரியன்' என்னும் சொல்லின் தலையையும் கடையையும் இணைத்து அமைத்த சொல் அது. தமிழில் இதனை 'நனிசைவம்' என வழங்குவர். நனி என்பது மிகுதிப் பொருள் தரும் உரிச்சொல் என்பது தொல்காப்பியம் பயின்றார் அறிந்ததே. சமயத்தின் பெயராகிய 'சைவம்' உணவின் பெயராகி, அதன்மேல் மற்றோர் அடை ஏறியிருத்தல் நோக்கத்தக்கது. ஈழத்தமிழர் 'மரக்கறி' என்பர். அச்சொல் சமயச் சார்பின்றி உண்ணும் பொருளையே சுட்டுகின்றது.

இனிப் 'பால்' என்னும் சொல்லை நோக்குவோம். ஆவின் பாலேயன்றிக் கள்ளிப்பால், எருக்கம்பால், ஆலம்பால் எனச் செடி மரங்களின் வெண்சாற்றையும் நம்மவர் பால் என்றே வழங்கினர். நெற்கதிர் முற்றுவதற்குமுன் 'பால்பிடித்தது' என்பது உழவர் வழக்கு. தேங்காயைத் துருவிப் பிழிந்த சாறு தேங்காய்ப்பால் எனப்பட்டதில் எவர்க்கும் ஐயம் எழுந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ, தாவரச் சாறுகளைப் 'பால்' என்னும் பெயரால் விற்றல் கூடாது என 2017-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தேங்காய்ப்பால் போன்று வழக்கில் ஊன்றிய சில பெயர்களே விலக்குப் பெற்றன. அங்கு வழக்காய் எழுந்த சிக்கல் தமிழில் எழவே வாய்ப்பில்லை.

'நெய்' என்பதும் இவ்வாறே. எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. பின்னர் அச்சொல் பொதுப்பெயராகிக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என விரிந்தது. வெண்ணெய் என்பதிலும் நெய் உண்டு. பொருநராற்றுப்படையில் தேன்நெய், மீன்நெய் என்னும் ஆட்சிகளைக் காண்கின்றோம். ஆகவே பழந்தமிழில் நெய் என்பது பசையும் நெகிழ்ச்சியும் உடைய பொருள்களுக்குப் பொதுவாய் நின்று, காலப்போக்கிலேயே பசுநெய்க்குச் சிறப்பாயிற்று என்பது புலனாகும்.

ஆயின் தயிர், மோர் என்னும் சொற்கள் இங்ஙனம் தாவரப் பொருளுக்கு விரிந்தில. சொல் எங்கே இடங்கொடுத்ததோ அங்கே அடுக்களையும் இடங்கொடுத்தது; சொல் இறுகிய இடத்தில் மாற்றும் அரிதாகின்றது. இதனைப் பின்னர்க் காண்போம்.

3. நிலமும் உணவும்

கருப்பொருள்களைத் தொகுக்கும் தொல்காப்பியர் தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். தெய்வம் நிலந்தோறும் வேறுபடுதல் போல உணவும் வேறுபடும் என்பது அவ்வமைப்பிற் பெறப்படும்.

சென்னீர்குப்பம் அடங்கிய தொண்டை நாட்டிற்கே உரிய சான்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், பாணன் செல்லும் வழிநெடுக ஒவ்வொரு குடியினரும் தத்தம் உணவை அளிக்கின்றனர். எயினர் குடியில் ஊன் கிடைக்கின்றது. இடையர் குடியில் தினைச்சோறு பாலொடு கிடைக்கின்றது. முல்லை நிலத்து உழவர் சீறூரிலோ வரகுச்சோறும் அவரைப் புழுக்கும் கிடைக்கின்றன. அங்குப் பாலும் இல்லை, ஊனும் இல்லை. அந்தணர் இல்லத்தில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய் மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வருகின்றது. மோர் விற்கும் ஆய்மகள் தன் நெய்க்குப் பொன்னையும் விலையாகக் கொள்ளாள். எருமையும் ஆவும் பெறுவாள். நெய் அத்துணை அரிய பொருளாயிருந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? பாலும் நெய்யும் தமிழர் அனைவர்க்கும் ஒருபடித்தான பொது உணவாய் இருந்தில. கறவை உடையார் பாலை உண்டனர். இல்லார் தம் நிலம் தந்ததை உண்டனர். விருந்தின் சிறப்பு, தம்மிடம் உள்ளதை வந்தவரோடு பகிர்வதில் இருந்தது.

பின்னர்ச் சோழர் காலக் கோயில்களில் நெய் பெருக வழங்கிற்று. நந்தாவிளக்கு ஒன்றிற்கு நாள்தோறும் உழக்கு நெய் வேண்டி 96 ஆடுகள் விடப்பட்ட செய்தியைக் கல்வெட்டுகள் பலவற்றிற் காணலாம். 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடர், இறப்பனவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பத் தொகை குறையாமற் காக்கும் ஏற்பாட்டைக் குறிப்பது. ஒரு விளக்கிற்கே ஒரு மந்தை வேண்டியிருந்ததெனின், நெய் மிகுந்த விழாவுணவு எத்தகைய செல்வ நிலையைச் சார்ந்தது என்பது விளங்கும்.

4. மிகைக் கூற்று வேண்டா

இவ்வளவு கொண்டு பண்டைத் தமிழர் நனிசைவர் என்று எவரேனும் கூறுவாராயின் அது பொருந்தாது. திருக்குறளின் புலால்மறுத்தல் அதிகாரத்தில் பாலுக்கு விலக்கு இல்லை. காமத்துப்பாலிலோ பாலும் தேனும் கலந்த சுவை உவமையாகவே வருகின்றது (1121). சமணர்தம் இல்லற ஒழுக்கம் ஊன், கள் என்பவற்றோடு தேனையும் விலக்கிற்று. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் இதனைத் தெளிவாகக் கூறும். ஆயினும் அதுவும் பாலை விலக்கிற்றில்லை.

பாலையும் நெய்யையும் வெளிப்படையாக விலக்கும் இடம் ஒன்று உண்டு. அது திருப்பாவையின் இரண்டாம் பாசுரம். நோன்பு தொடங்கும் ஆய்ச்சியர் அவ்விரண்டனையும் உண்பதில்லை என உறுதி பூணுகின்றனர். நோன்பு முற்றும் 27-ஆம் பாசுரத்தில் நெய் வழியும் பாற்சோற்றை அனைவரும் கூடியிருந்து உண்கின்றனர். திருக்கச்சிநம்பி தோன்றிய பூவிருந்தவல்லியிலும் அதன் மேற்கிலுள்ள திருமழிசையிலும் மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லியாய்க் கொண்டாடப்படுவது இதுபற்றியே. இவ்விலக்கு உயிரிரக்கம் பற்றியதன்று. விரும்பியதைச் சில நாள் துறக்கும் நோன்பு. நனிசைவத்தின் நோக்கம் வேறு. எனினும் பாலின்றி இருத்தலும் ஒரு வழிபாடாகலாம் என்பதை நம் இலக்கியம் அறிந்திருந்தது என்ற அளவில் இச்சான்று பயன்படும்.

அண்மைக் காலத்தில் இரக்கம் கருதிப் பாலை விலக்கியவர் காந்தியடிகள். கறவைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையை அறிந்தபின் 1912-இல் தென்னாப்பிரிக்காவில் அவர் இந்நோன்பை மேற்கொண்டார். பின்னர்க் கடுநோயுற்ற காலத்து ஆட்டுப்பால் அருந்த இசைந்து, நோன்பின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டதாகத் தம் வரலாற்றில் வருந்தி எழுதினார். மாற்றம் எளிதன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

5. விழா உணவு மூவகை

இனி நம் விழா உணவுகளை இந்நோக்கிற் பகுப்பின் அவை மூவகைப்படும்.

முதல்வகை, மாற்றமே வேண்டாதவை. நவராத்திரிச் சுண்டல், இராமநவமிப் பானகம், பிள்ளையார் சதுர்த்திக்குரிய தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை, கார்த்திகைப் பொரியுருண்டை ஆகியவற்றில் நெய் ஏதேனும் உண்டெனின் அது கையிலோ தட்டிலோ தடவும் அளவே. அவ்விடத்து நல்லெண்ணெய் போதும். சென்னீர்குப்பத்திற்கு அணித்தாகிய திருவேற்காட்டில் ஆடித்திங்களில் கருமாரியம்மனை வழிபடத் திரளும் மக்களும், சுற்றுவட்டத்து அம்மன் கோயில்களில் கூழ்வார்க்கும் ஊராரும், கேழ்வரகு மாவும் நொய்யும் கொண்டு ஆக்கிய கூழையே பகிர்கின்றனர். மோர் சேர்த்தல் பலர் வழக்கம். சேராக் கூழும் கூழே. சூதாடி ஈட்டிய பொருளாலும் அடியார்க்கு அமுதூட்டிய மூர்க்க நாயனார் பிறந்த ஊர் அதுவே என்பதும் ஈண்டு நினையத்தக்கது. அங்கு ஊட்டலே அறமாய் நின்றது.

இரண்டாம்வகை, மாற்றை ஏற்பவை. யாழ்ப்பாணத்து ஆடிக்கூழ் இதற்கு வழிகாட்டி. வறுத்த பயறு, அரிசிமா, பனங்கட்டி, தேங்காய்ப்பால் ஆகியவற்றாலாய அக்கூழை நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) தம் பாட்டால் சிறுவர் நாவிற் பதித்தார். சிங்களவர் புத்தாண்டில் ஆக்கும் 'கிரிபத்' என்பதற்குப் பாற்சோறு என்றே பொருள். அதிற் சேர்வதோ தேங்காய்ப்பால். ஈண்டுத் தென்னை மலிந்த நிலத்தில் தேங்காய்ப்பால் எதற்கும் மாற்றாக வரவில்லை. தனக்குரிய இடத்திலேயே நின்றது. நம் சர்க்கரைப் பொங்கலும் இம்முறையை ஏற்கும். அரிசியையும் பயற்றம்பருப்பையும் இரண்டாம் பாலில் வேகவைத்து, வெல்லப்பாகு சேர்த்து, அடுப்பினின்று இறக்கியபின் முதற்பாலை ஊற்றல் வேண்டும். முதற்பாலை நெடுநேரம் கொதிக்கவிடின் எண்ணெய் பிரிந்து திரியும். முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுக்கலாம். முருகனுக்குரிய தினைமாவில் தேனுக்கு ஈடாகப் பனைவெல்லத்தைச் சேர்க்கலாம்.

மூன்றாம்வகை, மாற்றை எளிதில் ஏலாதவை. கூடாரவல்லியின் அக்காரவடிசிலில் பாலும் நெய்யும் துணைப்பொருள்கள் அல்ல, அவையே உணவு. காரடையான் நோன்பு அடையோடு வைக்கும் வெண்ணெயும், கண்ணன் பிறந்தநாளின் தயிரும் வெண்ணெயும் கதையோடு பிணைந்தவை. தயிருக்குத் தாவரப்பெயர் அமையவில்லை என மேலே கூறினோம்; சுவையிலும் நிறைவான மாற்று அமைதல் அரிது. இவ்விடங்களில் 'வேறுபாடே தெரியாது' என்பார் கூற்று உண்மையன்று. இழப்பை இழப்பென்றே ஒப்புதல் நேர்மை.

6. மாற்றத்தின் எல்லை

இருபதாம் நூற்றாண்டில் நெய்க்கு ஒரு தாவர மாற்று வந்தது, அது வனஸ்பதி. 1937-இல் 'டால்டா' என்னும் பெயரால் விற்பனைக்கு வந்து, விழாப் பலகாரங்களில் நெய்யின் இடத்தைப் பெருமளவு கைக்கொண்டது. அதனைப் புகுத்தியது இரக்கமன்று, விலைக்குறைவு. அதிலுள்ள மாறுபக்கக் கொழுப்பு இதயத்திற்குக் கேடென்பது பின்னரே வெளிப்பட்டது. இந்தியாவில் 2022 முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவு நூற்றுக்கு 2-க்கு மேற்படலாகாது. தாவரப் பொருள் என்ற ஒன்றே ஒரு மாற்றை நல்லதாக்கிவிடாது என்பதை இதனால் அறிக.

கோயில் அமுதுபடியோ ஆகமத்தையும் கட்டளையையும் சார்ந்தது. தனியொருவர் விருப்பால் மாறுவதன்று. இல்லத்து அடுப்பு அங்ஙனமன்று. ஆங்கும் மாட்டுப்பொங்கலை மறத்தல் ஆகாது என்பார் உளர். உண்மையே. ஆயின் அந்நாள் நன்றி கூறும் நாள். முன்னர்த் தொழுவத்து மாட்டின் பாலே பானையில் பொங்கியது. கறந்த கையே கொம்பிற்கு வண்ணமும் பூசியது. இன்று சென்னீர்குப்பத்து இல்லங்கள் பலவற்றில் பொங்குவது அம்பத்தூர், மாதவரம் போன்ற இடத்துப் பால்பண்ணைகளில் பதப்படுத்தப்பட்டுப் பையில் வரும் பால். பசுவுக்கும் பானைக்கும் இருந்த உறவு, நனிசைவம் வருமுன்னரே அறுந்துபோயிற்று. அவ்வுறவை நினைந்து பாலை ஊற்றுவாரும், அவ்வுயிரை நினைந்து பாலை விலக்குவாரும் தம்முள் பகைவர் அல்லர்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால், பால், நெய் என்னும் சொற்கள் தொன்றுதொட்டு விலங்கிற்கும் தாவரத்திற்கும் பொதுவாய் நின்றமையும், விழா உணவு நிலத்தின் விளைவைச் சார்ந்து வேறுபட்டமையும், நம் விழா உணவுகளுள் பல மாற்றமின்றியே நனிசைவத்திற்கு இசைவதும், சில இசையாமையும் பெறப்பட்டன.

இவற்றை யாம் மாணவியிடம் கூறியபோது அவர் குறித்துக்கொண்டு சென்றார். அடுத்த பொங்கல் கழிந்து வந்து அவர் கூறியது எம் ஆராய்ச்சியினும் சிறந்தது. தேங்காய்ப்பாலில் தனிப்பானை வைக்கலாமா என அவர் தயங்கிக் கேட்க, ஆயா சற்றுநேரம் பேசாதிருந்து, தம் இளமையில் வீட்டுக் கறவை வற்றிய ஓராண்டில் தம் தாய் அரிசி கழுநீரை ஊற்றியே பொங்க வைத்ததை நினைவுகூர்ந்தாராம். "அன்னிக்கும் பொங்கலோ பொங்கல்னுதான் கூவினோம்" என்றாராம். அவ்வாண்டு முற்றத்தில் இரண்டு பானைகள் பொங்கின. ஆயா தம் பானைப் பொங்கலையே உண்டார். பேத்தியின் பானையினின்றும் ஒரு கரண்டி கேட்டு வாங்கி, "உப்பு ஒரு கல்லு போட்டிருக்கலாம்" என்றாராம். இருவரும் இம்முறை ஓரிடத்தே அமர்ந்து உண்டனர்.