ஓய்வு பெற்ற வல்கன் விமானங்களைப் பேணும் தொண்டு

ராணுவ சேவை முடிந்த ஜெட் விமானங்கள் துண்டு துண்டாக அறுக்கப்பட்டுப் பழைய உலோகமாக விலை போகாதபடி, அவற்றை ஊதியம் பெறாத அன்பர்கள் தம் ஓய்வு நேரத்தில் பழுது பார்த்துக் காத்துவரும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் வேரூன்றியது. இத்தொண்டு இருவகைப்படும். விமானத்தை அருங்காட்சியகத்தில் அசையாப் பொருளாக நிறுத்திக் காத்தல் ஒரு வகை. எஞ்ஜின் முழங்கவும் சக்கரம் ஓடவும் வல்ல நிலையிலேயே வைத்துக் காத்தல் மற்றொரு வகை. பின்னது அரிதினும் அரிது. அதற்குச் சிறந்த உதாரணம், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு நகரத்திற்கு அருகே, வெல்ஸ்போர்ன் விமானத் தளத்தில் இருக்கும் எக்ஸ்.எம். 655 என்னும் வல்கன் விமானம்.

விமானம்: வல்கன், ஆவ்ரோ கம்பெனியார் ராய் சாட்விக் என்னும் நிபுணரின் தலைமையில் வகுக்கத் தொடங்கிய குண்டு வீச்சு விமானமாகும். தனியே வால் இறக்கை இன்றி, முக்கோண வடிவான ஒரே பெருஞ் சிறகையுடைய இது, 1952 ஆகஸ்டு 30-ல் முதன்முதல் பறந்தது. 1956-ல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தது. மாதிரி விமானங்கள் உட்பட மொத்தம் 136 கட்டப்பட்டன. பின்னர் வந்த இரண்டாம் வகையில் சிறகின் அகலம் 111 அடி, ஒலிம்பஸ் ஜெட் எஞ்ஜின்கள் நான்கு, இயக்குவோர் ஐவர். அணுகுண்டைச் சுமந்து பகைவரை அச்சுறுத்துவதற்கென்றே பிறந்த இவ்விமானத்திற்கு, அக்குண்டை ஒருபோதும் பிரயோகிக்க நேரவில்லை. 1982-ல் பாக்லந்துத் தீவுகளுக்காக நடந்த போரில், அசென்ஷன் தீவிலிருந்து புறப்பட்டு, வழியில் விக்டர் என்னும் விமானங்களிடம் எரிபொருள் பெற்றுக்கொண்டு சென்று, அத்தீவுகளில் உள்ள ஸ்டான்லி ஓடுபாதையைச் சாதாரணக் குண்டுகளால் தாக்கியதே வல்கன் கண்ட போர். 1984-ல் கடைசி அணியும் கலைக்கப்பட்டது.

எக்ஸ்.எம். 655: இது 1964 நவம்பரில் படையில் சேர்ந்தது. 1984-ல் தனியார் ஒருவர், மீண்டும் பறக்கவிடலாம் என்னும் நம்பிக்கையோடு விலைக்கு வாங்க, அவ்வாண்டு பிப்ரவரியில் வெல்ஸ்போர்னில் வந்து இறங்கியது. அந்நம்பிக்கை கைகூடவில்லை, அதன்பின் இது பறக்கவும் இல்லை. பின்னாளில் விமானத் தளத்தை நடத்துவோர் வசம் உடைமை வந்தபோது, இதனைப் பேணும் பொறுப்பைத் தொண்டர் சங்கம் ஒன்று ஏற்றது. வல்கனோடு படையில் உழன்ற பழைய தொழில்நுட்பர்களும், சீருடை அணிந்தே அறியாத ஆர்வலர்களும் ஒருங்கே சேர்ந்தது இச்சங்கம்.

பணியின் இயல்பு: கூரையின்றி வெட்டவெளியில் நிற்கும் விமானத்திற்கு முதற் பகை ஈரம். தகடுகளின் பொருத்துவாயில் தங்கும் மழைநீர் அலுமினியத்தை அரிக்கும்; மின் இணைப்புகளின் முனைகளில் பச்சை பூக்கும்; ரப்பர் அடைப்புகள் உலர்ந்து வெடித்து எண்ணெயைக் கசியவிடும். ஓரிடத்திலேயே நின்றால் டயர்கள் தரையோடு தட்டையாகி உருக்கெடும். பக்கத்திற்கு எட்டாகப் பிரதானச் சக்கரங்கள் பதினாறும், மூக்கடியில் இரண்டும் கொண்ட வல்கனில் இது சிறு காரியம் அன்று. சிறகின் பின்விளிம்பில் அமைந்த எட்டு இயக்கப் பலகைகள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே மின்சாரத்தால் ஓடும் நீரியல் விசைக் கருவி உண்டு. அவை எட்டையும் தனித்தனியே பேண வேண்டும். ஆகவே, எஞ்ஜின்களைக் குறித்த காலங்களில் ஓட்டிச் சூடேற்றி, எண்ணெயை எங்கும் பரவச் செய்து, ஈரத்தை வெளியேற்றுவதே இதனைக் காக்கும் முறை. இயந்திரத்திற்கு ஓய்வே நோய் என்பதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

பொதுமக்கள் காண ஓடுபாதையில் விமானத்தை விரைந்து ஓட்டிக் காட்டும் நாளுக்கு முன்பு, தொண்டர்கள் தளத்தில் கிடக்கும் கூழாங்கல்லையும் ஆணியையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுப்பர்; எஞ்ஜின் வாயில் புகும் சிறு கல்லும் சுழலும் அலகுகளைச் சிதைக்கும். ஓட்டம் முடிந்து, வேகத்தைத் தணிக்கும் தடைக்குடை விரிக்கப்பட்டிருந்தால், அதை உலர்த்தி, மடிப்பு பிறழாமல் மீண்டும் கையால் மடித்து வைப்பர். இத்தனை எச்சரிக்கைக்கும் இடையே இடர் நேர்வது உண்டு. 2022 செப்டம்பரில் வேகங்காட்டும் கருவி பழுதுபட்டதனால், இவ்விமானம் ஓடுபாதையின் எல்லையைக் கடந்து சென்று நின்றது, எவருக்கும் காயமில்லை. புரூண்டிங்தார்ப் என்னும் வேறொரு தளத்தில் 2009 மே மாதம் விக்டர் விமானம் ஒன்று, ஓட்டிக் காட்டும்போதே எதிர்பாராமல் சிறிது உயரம் எழும்பி இறங்கியதும் இத்தகையதே.

பறக்கவிடும் முயற்சி: வல்கனை வானத்திற்கே மீட்ட பெருமை எக்ஸ்.எச். 558 என்னும் வல்கனுக்கு உரியது. அணிகள் கலைந்தபின்னும் படையிலேயே இருந்து, 1993 மார்ச்சில் அதை விட்டு நீங்கிய அது, பாரம்பரிய லாட்டரி நிதியின் 27 லட்சம் பவுன் நன்கொடையாலும், பணமுடை மிகுந்த 2006-ல் ஜாக் ஹேவர்டு என்னும் கொடையாளர் அளித்த 5 லட்சம் பவுனாலும், எண்ணற்ற சாமானியர்களின் சிறு காணிக்கைகளாலும் புதுப்பிக்கப்பட்டு, 2007 அக்டோபர் 18-ல் மீண்டும் பறந்தது. 2012 மே மாதம், ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்த பைகள் காற்றுவழியில் இருந்துவிட்டதனால் இரண்டு எஞ்ஜின்கள் நாசமாயின; அவற்றை மாற்றி அதே ஆண்டில் மறுபடியும் பறக்கவிட்டனர். ஆயினும், வடிவமைப்புக்குப் பொறுப்பேற்று ஒப்புதல் தரும் மூன்று பெரிய கம்பெனிகள் தம் துணையை விலக்கிக்கொள்ள, 2015 அக்டோபர் 28-ல் அது கடைசியாகப் பறந்தது. பறப்பதற்குக் கம்பெனிகளின் சான்று வேண்டும். தரையில் ஓடுவதற்கோ தொண்டர்களின் திறமும், தள உடைமையாளரின் இசைவும் போதும். இதனாலேயே எக்ஸ்.எம். 655-ஐப் போன்றவற்றின் ஆயுள் நீள்கிறது.

பிற சங்கங்கள்: சவுத்தெண்டு விமான நிலையத்தில் 1986 முதல் நிற்கும் எக்ஸ்.எல். 426 என்னும் வல்கனையும் ஒரு சங்கம் காத்துவருகிறது. லைட்னிங் போர் விமானங்கள் 1988-ல் ஓய்வு பெற்றபின் தோன்றிய மற்றொரு குழு, எக்ஸ்.ஆர். 728, எக்ஸ்.எஸ். 904 ஆகிய இரண்டையும் புரூண்டிங்தார்ப்பில் பேணியது. 2020-ல் அத்தளம் கார்களை நிறுத்திவைக்கக் குத்தகைக்குப் போனதும், அங்கு நடந்துவந்த ஓட்டக் காட்சிகள் நின்றன. எவ்வளவு உழைத்தாலும் ஓடுபாதை தொண்டருக்குச் சொந்தம் அன்று என்பதே இத்துறையின் தீராத கவலை.

மதிப்பு: உலோகத்தைக் கூரையின் கீழ் வைத்துக் காக்கலாம், அதனை இயக்கும் வித்தையைக் காக்க, இயக்கியே ஆக வேண்டும். எஞ்ஜினின் ஓசை மாறுபாட்டைக் கேட்டே குற்றம் சொல்லும் முதிய தொழில்நுட்பர், அதை இளையவர் ஒருவருக்கு அருகில் நின்று கற்பிக்காமற் போனால், எந்தக் கையேடும் அவ்விடத்தை நிரப்பாது. ஆதலால், முதியோர் இருக்கும்போதே இளைஞர்களை மிகுதியாகச் சேர்த்துக்கொள்வதுதான் இச்சங்கங்கள் செய்ய வேண்டிய முதற் பணி. நிதி திரட்டுதல் அதற்கு அடுத்ததே.